எனக்கும் அண்ணனுக்கும் வந்த வயிற்றுவலி

ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று ஆறு பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். வாசலில் சீட்டு எழுதியவர் கேட்டார். அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் கேட்டார். கையில் ஊசி ஏற்றிய நர்ஸ் கேட்டார். வயிற்றில் பசை தடவி ஸ்கேன் எடுத்தவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். பெரிய டாக்டர் என்னைக் கேட்கவில்லை. என் மனைவி லட்சுமியைத் தனியே அழைத்துக் கேட்டார். ஆறாவது ஆள் பக்கத்துக் கட்டில்காரர். அவர் மட்டும் கொஞ்சம் பிரியமாக, "தெனமுமா, இல்ல சம்பளத்தன்னைக்கு மட்டுமா?" என்றார்.

குடிப்பீர்களா என்பதுதான் கேள்வி.

நான் குடித்ததே இல்லை. அதைச் சொன்னேன். லட்சுமியும் சொன்னாள். கேட்டவர்கள் எல்லோரும் லேசாகத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போனார்கள். அந்தத் தலையாட்டல் எனக்குப் புதிதல்ல. எட்டு வருடங்களுக்கு முன் என் அண்ணன் இதே கேள்விக்கு இதே பதிலைச் சொன்னபோது, அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நானும் அப்படித்தான் ஆட்டினேன்.

என் பெயர் பொன்ராஜ். சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் முப்பது வருடமாக ஆஃப்செட் மிஷின் ஓட்டுகிறேன். காலண்டர்தான் எங்களுக்கு முக்கியமான வேலை. ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியானதும் ஆர்டர் வர ஆரம்பிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மிஷின் ஓய்வதில்லை. எனக்கு நோய் வந்தது போன கார்த்திகையில். இது வைகாசி. உடம்பு தேறி வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டேன். ஆனாலும் பிரஸ்ஸில் சிலர் இன்னும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, இப்ப விட்டுட்டீகள்ல?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் சொல்லி மாளவில்லை. அதனால் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

உடம்பு பல மாதமாகவே சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நான்தான் கேட்கவில்லை. தண்ணீர் குடிக்கக் குடிக்கத் தாகம் அடங்காது. மிஷின் பக்கத்துச் சூடு என்று நினைத்துக்கொண்டேன். அரை மணிக்கொரு தரம் ஒன்றுக்குப் போனேன். இடுப்புத் தளர்ந்து பெல்ட்டில் லட்சுமி புதிதாக ஓட்டை போட்டுத் தந்தாள். இரண்டு முழங்கையிலும் கடுகு ஒட்டியது போல மஞ்சள் பருக்கள் கிளம்பின. மை ஒத்துக்கொள்ளவில்லை என்று பிரஸ்ஸில் சொன்னார்கள். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு இருந்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை வேலை விஷயமாக விருதுநகர் போயிருந்தேன். விருதுநகர் போய்விட்டு எண்ணெய்ப் பரோட்டா சாப்பிடாமல் நான் திரும்பியதே கிடையாது. மற்ற ஊர்களைப் போலக் கல்லில் சுடுவதில்லை. நடுவில் குழிந்த பெரிய தட்டில் எண்ணெயை ஊற்றி, அதற்குள் பரோட்டாவை மூழ்க விட்டுப் பொரித்தெடுப்பார்கள். பிய்த்துப் போட்டு அதன்மேல் சால்னாவை ஊற்றினால் மொறுமொறுப்பும் ஈரமும் ஒரே வாயில் வரும்.

அந்த ருசியை எனக்குப் பழக்கியவன் அண்ணன் காளிராஜ். அப்பாவும் அம்மாவும் தாயில்பட்டியில் காட்டு வேலைக்குப் போனவர்கள். அண்ணன் எட்டாம் வகுப்போடு பட்டாசுக் கம்பெனிக்குப் போய்விட்டான். எங்கள் பக்கம் மருந்து என்றால் முதலில் நினைவுக்கு வருவது பட்டாசுக்குள் அடைக்கும் மருந்துதான். நானும் பின்னாலேயே வருகிறேன் என்று நின்றபோது, "ஏலே, மருந்து வேல நம்ம வீட்டுக்கு ஒருத்தன் பாத்தாப் போதும். நீ மை வேலைக்குப் போ" என்று சைக்கிளில் உட்கார வைத்துச் சிவகாசிக்குக் கூட்டி வந்து, தெரிந்த போர்மேன் ஒருவரிடம் என்னை விட்டவன் அவன்.

வாரச் சம்பளம் கையில் விழுந்த சனிக்கிழமைகளில் இரண்டு பேரும் பஸ் ஏறி விருதுநகர் போவோம். அண்ணன் மூன்று தரம் சோப்புப் போட்டுக் கை கழுவுவான். அப்படியும் நகக்கண்ணில் அலுமினியப் பொடி வெள்ளியாக மின்னும். என் விரல்களில் நீல மை போகாது. எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் கையை ஒருவர் கேலி செய்துகொண்டு சாப்பிடுவோம். அவன் பத்துப் பரோட்டாவுக்குக் குறைந்து எழுந்ததில்லை. இப்போதும் நான் மனதுக்குள் போய் உட்காருவது அந்த மேஜையில்தான்.

அன்று நான் தனியாகச் சாப்பிட்டேன். திரும்பும் பஸ்ஸில் திருத்தங்கல் தாண்டும்போது வலி தொடங்கியது. மேல்வயிற்றின் நடுவில் பிடித்து, அப்படியே முதுகுக்குத் துளைத்துக்கொண்டு போனது. நிமிர்ந்தால் அதிகமாகும், முன்னால் குனிந்தால் கொஞ்சம் குறையும். சிவகாசியில் வாயு என்று ஓர் ஊசி போட்டு அனுப்பினார்கள். மறுநாள் காலை வாந்தி நிற்கவில்லை. ஆம்புலன்ஸில் விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தோம்.

கணையம் வீங்கியிருக்கிறது என்றார்கள். இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்து கிடக்கிற, ஒரு சாண் கூட நீளமில்லாத உறுப்பு அது. நாம் தின்பதைச் செரிக்கும் நீரைச் சுரந்து குடலுக்கு அனுப்பும். இன்சுலினைச் சுரந்து ரத்தத்துக்கு அனுப்பும். வீக்கம் வந்தால், குடலுக்குப் போக வேண்டிய நீர் உள்ளேயே நின்று கணையத்தையே செரிக்க ஆரம்பித்துவிடுமாம். அதனால்தான் அந்த வலி. இந்த வீக்கம் பெரும்பாலும் இரண்டு காரணத்தால் வரும்: பித்தப்பைக் கல், அல்லது குடி. ஸ்கேனில் கல் இல்லை. மிச்சம் இருந்தது குடி.

வாய்வழியாக ஒன்றும் கூடாது என்று எழுதிவிட்டார்கள். தண்ணீர்கூடக் கிடையாது. பாட்டில் பாட்டிலாகச் சலைன் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. லட்சுமி ஒரு சின்னத் துணியை நனைத்துப் பிழிந்து, கால் மணிக்கொரு தரம் என் உதட்டைத் துடைத்துவிடுவாள். ஒருமுறை அந்தத் துணியை நான் பல்லால் கடித்து உறிஞ்சப் பார்த்தேன். அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, "பச்சப் பிள்ள கணக்கா இருக்கீக" என்றாள். சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வார்டுக்குள் மற்றவர்களுக்கு வந்த இட்லி வாசனை என்னை என்ன பாடு படுத்தியது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

கிடந்த கிடையில் அண்ணன்தான் வந்து வந்து போனான்.

எட்டு வருடங்களுக்கு முன்பு தீபாவளி முடிந்து போனஸ் கொடுத்த வாரம் அவனுக்கு இதே வலி வந்தது. வேறு ஊரில் ஒரு ஆஸ்பத்திரி. இளவட்டத்தில் அவன் குடித்தவன்தான். மகள் கவிதா பிறந்த அன்று விட்டுவிட்டேன் என்று சொல்வான். அவன் மனைவி முத்துமாரி மதினியும் அதையே சொன்னார்கள். ஆனால் அங்கிருந்த டாக்டர், "இது குடிக்கிறவங்களுக்கு வர்றது. வீட்டுக்குத் தெரியாம நெறைய பேர் குடிப்பாங்க" என்றார். நான் டாக்டரை நம்பினேன்.

"அண்ணே, பொய் சொல்லாத. மறைச்சு மறைச்சுக் குடிச்சிட்டு, இப்ப இங்கன வந்து படுத்துக்கிட்டு எல்லார் உசிரையும் ஏன் வாங்குற?" என்றேன். வார்டு முழுக்கக் கேட்டது. மதினி என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். நான் பிரஸ்ஸுக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மூன்றாம் நாள் அவன் போய்விட்டான். கவிதாவுக்கு அப்போது பதினோரு வயது.

அதற்குப் பிறகு மதினி என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். விசேஷ வீடுகளில் பார்த்தால் லட்சுமியிடம் மட்டும் இரண்டு வார்த்தை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கவிதா தவழ்ந்ததும் நடந்ததும் எங்கள் வீட்டில்தான். அவளும் எங்களிடம் வராமல் போனாள்.

சேர்ந்த மூன்றாம் நாள் காலையில் ஒரு பெண் டாக்டர் வார்டுக்குள் வந்தார். கழுத்தில் ஸ்டெதஸ்கோப் இல்லை. கையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய் மட்டும் இருந்தது.

"பொன்ராஜ் யாரு?"

லட்சுமி எழுந்து நின்றாள்.

"நான் நளினி. கீழ லேப்ல இருக்கேன். பயோகெமிஸ்ட்ரி. அதாவது ரத்தத்துல என்னென்ன எவ்வளவு இருக்குன்னு பாக்கிற வேலை. உங்க ரத்தத்தை உங்களுக்குக் காட்டணும்னு வந்தேன்."

குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முப்பது வருடமாக நிறத்தைப் பார்த்துச் சோறு தின்கிறவன் நான். ஒரு மஞ்சளுக்கும் இன்னொரு மஞ்சளுக்கும் உள்ள நூலளவு வித்தியாசத்துக்கு ஆயிரம் தாளைக் கழித்துக் கட்டியிருக்கிறேன். அந்தக் குழாயில் இருந்த நிறத்தை நான் ரத்தத்தில் எதிர்பார்க்கவில்லை. அடியில் கருஞ்சிவப்பு. அதற்கு மேலே இருந்ததெல்லாம் சுத்த வெள்ளை.

"இது பால் இல்லீங்களா?" என்றாள் லட்சுமி.

"பாக்கப் பால் மாதிரிதான் இருக்கும். ரத்தத்தை மிஷின்ல வெச்சுச் சுத்தவிட்டா சிவப்பணு கீழ போயிடும். மேல தெளிஞ்ச தண்ணி நிக்கும், வைக்கோல் நிறத்துல. அதுக்குச் சீரம்னு பேரு. இவருக்குச் சீரமே வெள்ளையா இருக்கு. நேத்து ராத்திரி பிரிட்ஜுல வெச்சேன். காலைல பாத்தா மேல ஆடை கட்டியிருந்துச்சு. அவ்வளவும் கொழுப்பு."

ட்ரைகிளிசரைடு என்ற பெயரை அன்றுதான் முதலில் கேட்டேன். நாம் தின்கிற எண்ணெயும் நெய்யும், தேவைக்கு மேல் தின்கிற சோறும் இனிப்பும் இந்தக் கொழுப்பாக மாறித்தான் ரத்தத்தில் ஓடுமாம். நூற்றைம்பதுக்குள் இருக்க வேண்டியது எனக்கு நாலாயிரத்தைத் தாண்டியிருந்தது. அந்த அளவு கொழுப்பு கணையத்தின் மெல்லிய ரத்தக்குழாய்களுக்குள் போனால் கணையம் வெந்து வீங்கிவிடும். கல்லும் வேண்டாம், குடியும் வேண்டாம். முழங்கைப் பருக்களைத் தொட்டுப் பார்த்து, "இதுவும் அதே கொழுப்புதான், தோலுக்கடியில தங்கியிருக்கு" என்றார். சர்க்கரையும் எனக்கு இருந்திருக்கிறது. எத்தனை நாளாகவோ தெரியாது. பரம்பரையாகக் கொழுப்பு ஏறும் உடம்பு, அதன்மேல் கவனிக்காத சர்க்கரை, அதன்மேல் அந்தச் சனிக்கிழமைப் பரோட்டா.

"அப்ப மொத நாள் டெஸ்ட்டுல ஏன் தெரியல டாக்டர்?" என்று கேட்டேன்.

"மிஷின் ரத்தத்துக்குள்ள வெளிச்சத்த விட்டுத்தான் அளக்கும். பாலுக்குள்ள டார்ச் அடிச்சா வெளிச்சம் அந்தப் பக்கம் போகுமா? தப்புத் தப்பா நம்பர் வரும். அதான் எங்க டெக்னீஷியன் மிஷின நம்பாம என்னைக் கூப்பிட்டாங்க."

எனக்கு அது உடனே புரிந்தது. அச்சடித்த தாளில் மையின் அடர்த்தியை நாங்களும் வெளிச்சம் விட்டுத்தான் அளக்கிறோம்.

போகும்போது நின்று, "உங்க கேஸ் ஷீட்டுல குடின்னு எழுதிக் கேள்விக்குறி போட்டிருந்தாங்க. வார்டு டாக்டர்கிட்ட பேசிட்டேன். அடிச்சிட்டாரு" என்றார்.

நான் அழுதேன். வலியில் வராத அழுகை அப்போது வந்தது. எனக்காக மட்டும் அழவில்லை என்று லட்சுமிக்குத் தெரியும். என் தலையைத் தடவிக்கொண்டே அவள்தான் கேட்டாள்: "டாக்டரம்மா, இது குடும்பத்துல ஒருத்தர் மாத்தி ஒருத்தருக்கு வருமா?"

அப்படித்தான் அண்ணன் கதையை நளினி டாக்டரிடம் சொன்னோம். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முழுவதும் கேட்டார். இந்த மாவட்டத்துப் பட்டாசுத் தொழிலாளர்கள், பிரஸ்காரர்கள், கடைக்காரர்கள் எல்லோரிடமும் ரத்தம் வாங்கிச் சர்க்கரை, கொழுப்பு, ஈரல் கோளாறு எல்லாம் எப்படி ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கிறது என்று அவர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். "ஒல்லியா இருக்கவங்களுக்கும் ஏன் வருதுன்னுதான் எங்க கேள்வி. உங்க ரத்தத்துல கொஞ்சம் எங்களுக்குத் தருவீங்களா? மாட்டேன்னாலும் வைத்தியம் ஒண்ணும் குறையாது" என்று தமிழில் அச்சடித்த தாளைக் கொடுத்தார். நான் கையெழுத்துப் போட்டேன். அச்சு கொஞ்சம் மங்கல் என்றும் சொன்னேன். அவர் சிரித்தார்.

வைத்தியம் கேட்க எளிது. பட்டினி, சலைன், அதோடு சொட்டுச் சொட்டாக இன்சுலின். இன்சுலின் சர்க்கரையை மட்டுமல்ல, ரத்தத்துக் கொழுப்பையும் கரைக்குமாம். சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடாமலிருக்கக் கூடவே குளுக்கோஸ். மணிக்கொரு தரம் விரல் நுனியில் குத்திப் பார்ப்பார்கள். பத்து விரலும் புள்ளியானது.

ஐந்தாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. கணைய வீக்கத்தில் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துவிட்டது என்று தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அண்ணனுக்கும் கடைசியில் மூச்சுத்தான் வாங்கியது. லட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டு, "மதினியப் பாத்து நான் சொன்னது தப்புன்னு சொல்லிரு" என்றேன். "நீங்களே வந்து சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்" என்று கையை விடுவித்துக்கொண்டாள். அவள் என்னைத் திட்டியது போலத்தான் அப்போது இருந்தது. இரண்டு நாள் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தபோது, எனக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது என்று நினைத்துக்கொள்ள அந்தப் பேச்சுத்தான் உதவியது.

மீண்டு வார்டுக்கு வந்தபின் இருந்த நாட்களை இப்போது நினைத்தால், ஆச்சரியமாக இருக்கிறது, ஒரு ஏக்கம் வருகிறது. காலை ஏழு மணிக்கு நளினி டாக்டர் அன்றைய குழாயோடு வருவார். வார்டே எட்டிப் பார்க்கும். லட்சுமிதான் தீர்ப்புச் சொல்வாள். முதல் நாள், "தண்ணிப் பால்." மறுநாள், "மோரு." அடுத்த நாள், "பழைய சோத்து நீச்சத் தண்ணி." பக்கத்துக் கட்டில்காரர், தெனமுமா என்று அன்று கேட்டாரே, அவர் எனக்காகக் குழாயைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். பிரஸ்ஸிலிருந்து வந்தவர்கள் சாத்தூர் காராச்சேவு வாங்கி வந்தார்கள். லட்சுமி அதை வாங்கி அப்படியே நர்ஸ்களிடம் கொடுத்துவிட்டாள். முதன்முதலாக எனக்குக் கஞ்சித் தண்ணீர் கொடுத்த அன்று, ஐந்து ஸ்பூன்தான், அந்த நர்ஸ் வேலை நேரம் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நின்று பார்த்தார். செலவைப் பற்றிக் கேட்பீர்கள். காப்பீட்டு அட்டை இருந்ததால் பெரிய பாரம் விழவில்லை. வெளியே வாங்கிய மருந்துகளுக்கு லட்சுமி கம்மலைக் கழற்றினாள். என்னிடம் சொல்லவில்லை. வெறும் காதைப் பார்த்து நானாகத் தெரிந்துகொண்டேன்.

பதினேழாம் நாள் குழாயில் இளமஞ்சள் நின்றது. அதன் வழியே ஜன்னல் கம்பி தெரிந்தது. வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

கிளம்பும்போது நளினி டாக்டர், "உங்க அண்ணன் பொண்ணு ரத்தத்தைப் பாக்கணும். ஆராய்ச்சிக்காகச் சொல்லலை. அந்தப் பொண்ணுக்காகச் சொல்றேன்" என்றார்.

நிமிர்ந்து நடக்க மூன்று வாரம் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தாயில்பட்டிக்குப் போனேன். லட்சுமி வரவில்லை. "நீங்க மட்டும் போங்க" என்றாள்.

மதினி வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். அண்ணன் வேலை பார்த்த கம்பெனியிலேயே இப்போது அவர்களும் வேலை பார்க்கிறார்கள். வாரத்தில் ஆறு நாள் விடியுமுன் வேன் ஏற வேண்டும். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த துணியைப் பிழியாமல் நின்றார்கள்.

"கேள்விப்பட்டேன். எளைச்சுப் போயிட்டீக" என்றார்கள். எட்டு வருடத்தில் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை.

எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். பாலாக இருந்த ரத்தம், முழங்கைப் பருக்கள், அடிக்கப்பட்ட கேள்விக்குறி. "அண்ணனுக்கும் இதுதான் இருந்திருக்கும்னு நெனைக்கேன் மதினி. அவன் பொய் சொல்லல. நான்தான்..."

மதினி அழவில்லை. "பருவு அவுகளுக்கும் இருந்துச்சு. முட்டியில. நான்தான் மஞ்சள் அரைச்சுப் போட்டேன்" என்றார்கள். பிறகு, "அவுக சொன்னப்பவே எனக்குத் தெரியும். நீங்க ஒண்ணும் புதுசாச் சொல்லல" என்றார்கள்.

கவிதாவின் ரத்தத்தைப் பார்க்க வேண்டும் என்றதும்தான் அவர்கள் முகம் மாறியது. உள்ளே போய் ஒரு பாலிதீன் பையோடு வந்தார்கள். அண்ணனின் ஆஸ்பத்திரிக் காகிதங்கள். "இதையும் அந்த டாக்டரம்மாகிட்டக் காட்டுவோம்" என்றார்கள்.

அடுத்த வாரம் மதினியும் கவிதாவும் நானும் விருதுநகர் போனோம். கவிதாவுக்குப் பத்தொன்பது வயது. கல்லூரியில் படிக்கிறாள். வெறும் வயிற்றோடு வந்திருந்தாள். ரத்தம் எடுத்தபோது என் கையைத்தான் பிடித்துக்கொண்டாள். யோசித்துப் பிடித்ததாகத் தெரியவில்லை. அவள் கை அங்கே வந்தது, அவ்வளவுதான்.

குழாய் சுழன்றுகொண்டிருந்த நேரத்தில் நளினி டாக்டர் பாலிதீன் பையிலிருந்த காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மங்கிப்போன ஒரு சின்னச் சீட்டில் நின்றார். லேப் சீட்டு. அண்ணன் அங்கே சேர்ந்த முதல் நாள் தேதி. எண்களுக்குக் கீழே பேனாவால் ஒரு வரி ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதை இரண்டு முறை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன எழுதியிருக்கு டாக்டரம்மா?" என்றார்கள் மதினி.

"ரத்தம் கொழுப்பா இருக்கு, மறுபடி எடுத்து அனுப்பவும்னு எழுதியிருக்கு. இத எழுதினது யாரோ, சரியாத்தான் பாத்திருக்காங்க. மறுபடி அனுப்பின சீட்டு இதுல இல்ல. யாரும் அனுப்பலைன்னு நெனைக்கிறேன்."

அண்ணனின் ரத்தமும் ஒரு குழாயில் வெள்ளையாக நின்றிருக்கிறது. முகம் தெரியாத ஒருவர் அதைப் பார்த்திருக்கிறார், எழுதியும் இருக்கிறார். அந்த ஒரு வரியை வாசிக்க மட்டும் ஆள் இல்லை. அதே நாளில் மாடியில் நான் அவனைப் பொய்யன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அப்ப அவுக குடிச்சுச் சாகல" என்றார்கள் மதினி.

"இல்லாதவருக்கு நான் உறுதியாச் சொல்ல முடியாதும்மா. ஆனா இந்தச் சீட்டையும் இவர் ரத்தத்தையும் வெச்சுப் பாத்தா, குடின்னு முடிவு பண்ணினதுக்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியல."

"அத ஒரு பேப்பர்ல எழுதித் தருவீகளா? தமிழ்ல."

டாக்டர் தந்தார். தன் கையாலேயே நிதானமாக எழுதினார். கவிதா வாங்கி மனதுக்குள் வாசித்தாள். மதினி, "சத்தமா வாசி" என்றார்கள். வாசித்தாள். "இன்னொருக்கா" என்றார்கள். கவிதா மறுபடி முதல் வரியிலிருந்து வாசித்தாள்.

கவிதாவின் குழாய் வந்தது. சீரம் தெளிவாக இருந்தது. எண் வந்தபோது கொழுப்பு இருக்க வேண்டியதற்கு மேல் கொஞ்சம் இருந்தது. சர்க்கரை இல்லை. "பயப்பட ஒண்ணுமில்ல. இப்பவே தெரிஞ்சது நல்லது. எண்ணெயும் இனிப்பும் அளவா இருக்கட்டும், நட, வருசம் ஒரு தடவ வந்து காட்டு. சர்க்கரை வராமப் பாத்துக்கணும். அது வந்தாத்தான் இது பெருசாகும்" என்றார் டாக்டர். இது வைத்தியத்தால் ஒரேயடியாகத் தீரும் விஷயமில்லை, கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டியது. எனக்கும் அப்படித்தான். தினமும் மாத்திரை, ஊசி, நாள் முழுவதற்கும் மூன்று ஸ்பூன் எண்ணெய்.

திரும்பும் பஸ்ஸில் கவிதா முன்சீட்டில் தூங்கிவிட்டாள். மதினியும் நானும் பின்னால் உட்கார்ந்திருந்தோம். திருத்தங்கல் தாண்டும்போது மதினி வெளியே பார்த்தபடி சொன்னார்கள்:

"அன்னைக்கு நீங்க சத்தம் போட்டுட்டுப் போனீகள்ல தம்பி, நீங்க போன பெறகு அவுக ஒண்ணு சொன்னாக."

நான் அவர்கள் பக்கம் திரும்பினேன்.

"'அவன் பயந்துபோய்ப் பேசுறான் மாரி. மனசுல ஒண்ணுமில்ல. நாளைக்கு வருவான், நீ மூஞ்சியக் காட்டிராத'ன்னாக."

மறுநாள் நான் போகவில்லை. பிரஸ்ஸில் அனுப்ப வேண்டிய காலண்டர் லோடு இருந்தது.

"எட்டு வருசமா ஏன் மதினி எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா உங்களுக்கு மனசு ஆறிரும்ல. ஆறக் கூடாதுன்னு நெனச்சேன்."

அதில் கோபம் இல்லை. இருந்ததை இருந்தபடி சொன்னார்கள். நான் தலையை ஆட்டினேன். சிவகாசி பஸ் நிலையம் வந்தது. மதினி கவிதாவைத் தட்டி எழுப்பி, டாக்டர் எழுதித் தந்த தாள் பைக்குள் இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்துக்கொண்டு இறங்கினார்கள். தாயில்பட்டி பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஏறப் போனவர்கள் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினார்கள்.

"ஞாயித்துக்கெளம லட்சுமியையும் கூட்டிக்கிட்டு வாங்க. எண்ணெ ஊத்தாம ஆக்கி வைக்கேன்."